கெர்க்குலாவை முக்கியெடுத்த கைகள்

ஊழியத்துக்கு வந்த ஒன்றரை வருடத்தில் மூப்பர் டார்ப்பே இரண்டு பேரை அடித்திருந்தான். ஒருவனுக்கு முன்பல் போயிற்று, இன்னொருவனுக்குத் தாடை கழன்றது. கழுத்தில் டை, வெள்ளைச் சட்டைப் பையில் கறுப்புப் பெயர்ப்பட்டை, அந்தப் பட்டையில் இயேசு கிறிஸ்துவின் பெயர் வேறு. கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா?

மூப்பர் என்றதும் நரைத்த தாடியை நினைத்துவிடாதீர்கள். அவனுக்கு வயது இருபத்தொன்று. எங்கள் சபையில், ஊரார் மார்மன் சபை என்பார்களே அதில், வீட்டை விட்டு வேறு நாட்டுக்கு இரண்டு வருடம் ஊழியம் செய்யப் போகிற எந்தப் பையனும் மூப்பர்தான். மீசை முளைத்திருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒருவனைத் தனியாக விடுவதும் இல்லை. இரண்டிரண்டு பேராக அனுப்புவார்கள். ஒருவன் கக்கூஸுக்குப் போனால் இன்னொருவன் வாசலில் நிற்க வேண்டும். லைபீரியாக்காரன் டார்ப்பேக்குக் கானா நாட்டில் வாய்த்த துணை அமெரிக்காக்காரன் டோல்மன். ஐடஹோவில் உருளைக்கிழங்கு பயிரிடுகிற வீட்டுப் பையன். ஆறடிக்கு மேல் உயரம், கோபமே வராத பிறவி.

தாடை கழன்றது குமாசி லாரி நிலையத்தில். வண்டிக்கு ஆள் ஏற்றுகிற ஒருவன் டோல்மன் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தான். எறிந்ததோடு விடாமல் பளாரென்று கன்னத்தில் ஓர் அறையும் விட்டான். டோல்மன் நிஜமாகவே மறு கன்னத்தைக் காட்டப் போகிறவன்தான். அதற்குள் டார்ப்பே குறுக்கே புகுந்துவிட்டான். முதல் குத்தில் அந்த ஆள் விழுந்தான். விழுந்தவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக்கொண்டு டார்ப்பே குத்தினான், மூச்சு விடாமல் குத்தினான், தன் விரல் கணு பிய்ந்து ரத்தம் ஒழுகுவதுகூடத் தெரியாமல் குத்தினான். டோல்மன் அவன் பெல்ட்டைப் பிடித்துத் தூக்கித் தூர எறிந்ததால் அந்த ஆள் பிழைத்தான்.

அன்று அறைக்கு வந்து டார்ப்பேயின் கைக்கு மருந்து போட்டபடி டோல்மன் கேட்டான். "ஏன்யா மூப்பரே, அறை வாங்கினது நான். எனக்கே கோபம் வரல. உனக்கு எங்கேர்ந்துய்யா வருது?"

"எங்கிட்ட நிறையக் கிடக்கு. உன் பங்கையும் சேத்து நானே வச்சிருக்கேன்."

ஊழியப் பையன்களுக்கெல்லாம் மேலே இருந்த மிஷன் தலைவர் அவனைத் தலைநகர் அக்ராவுக்கு அழைத்து உட்காரவைத்து ஒரே ஒரு பேச்சுதான் பேசினார். இன்னொரு தடவை கை நீண்டால் விமானச் சீட்டு. பாதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பையன் என்றால் எங்கள் ஆட்களிடையே என்ன பேச்சு வரும் என்பது டார்ப்பேக்குத் தெரியும். மன்ரோவியாவில் அவன் அம்மா ஒவ்வொரு ஞாயிறும் சபையில் எழுந்து மகனுக்காக ஜெபம் கேட்கிறவள். அவள் தலை குனிந்து உட்காருவதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன் என்று சத்தியம் செய்தான்.

ஆனால் அதற்கும் முன்னால் செய்த இன்னொரு சத்தியம் அவனிடம் இருந்தது. அதை ஒன்பது வயதில் செய்தான்.

தொண்ணூறாம் வருடம் லைபீரியாவின் உள்நாட்டுச் சண்டை அவர்கள் பக்கம் வந்தபோது அம்மா கைக்குழந்தையோடு முதல் நாளே புறப்பட்டுப் போய்விட்டாள். அப்பாவும் டார்ப்பேயும் மறுநாள் கிளம்பினார்கள். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கிறவர். காலில் போட அவரிடம் இருந்ததெல்லாம் வேலைக்குப் போட்டுப் போகிற நீளமான ரப்பர் பூட்ஸ்தான். பாலத்தடியில் சாலையை மறித்திருந்தார்கள். கம்பு நட்டு மண்டையோடு மாட்டியிருந்தது. போராளிகள் தலையில் பெண்கள் வைக்கிற பொய் முடி, கழுத்தில் பாசிமணி. அப்படி வேஷம் போட்டால் குண்டு துளைக்காது என்று நம்பிய காலம் அது. அவர்களுக்குத் தலைவனாக நின்றவன் எங்கோ கொள்ளையடித்த வெள்ளைக் கல்யாண கவுனை மாட்டியிருந்தான். கூட இருந்தவர்கள் அவனைக் கல்யாணப்பொண்ணு என்று கூப்பிட்டார்கள்.

கல்யாணப்பொண்ணு அப்பாவின் பூட்ஸைக் கழற்றச் சொன்னான். முழங்காலுக்குக் கீழே மயிர் தேய்ந்து வழுவழுவென்றிருந்தது. அரசாங்கப் பட்டாளத்துக்காரனுக்குத்தான் அப்படி இருக்கும், அவனைச் சுட வேண்டும் என்பது அந்தச் சாலைகளின் சட்டம். ரப்பர் பால் எடுக்கிறவனும் வருடமெல்லாம் பூட்ஸ்தான் போடுகிறான் என்று எடுத்துச் சொல்ல அப்பா வாயைத் திறந்தார். துப்பாக்கிக் கட்டையால் வாயிலேயே ஓர் அடி. பல்லும் ரத்தமுமாகத் துப்பிக்கொண்டு முழங்கால் போட்டார். கல்யாணப்பொண்ணு குனிந்து பையனைக் கேட்டான்.

"ஏய் பொடியா, உங்கப்பன் யாரு? பட்டாளமா?"

ஆமென்றால் பயந்து விட்டுவிடுவார்கள் என்று அந்த ஒன்பது வயது நினைத்தது. "ஆமா! பெரிய பட்டாளத்துக்காரரு. உங்க எல்லாரையும் சுட்டுருவாரு!"

அப்பா திரும்பி அவனைப் பார்த்தார். அடுத்த நொடி மூன்று குண்டு. முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. கல்யாணப்பொண்ணு பூட்ஸை எடுத்துக் கவுனுக்கு அடியில் மாட்டிக்கொண்டு இரண்டடி நடந்து பார்த்தான். எல்லோரும் சிரித்தார்கள். பையனுக்கு முதுகில் ஓர் உதை. "ஓடு, பட்டாளத்துக்காரன் மகனே!"

ஓடினான். அவனை என் கையாலேயே கொல்லுவேன் என்று சொல்லிச் சொல்லிக்கொண்டே மன்ரோவியா வரைக்கும் ஓடினான். அம்மாவிடம் காலில் இருந்த தேய்மானத்தைப் பார்த்துச் சுட்டார்கள் என்று மட்டும் சொன்னான். தான் சொன்னதைச் சொல்லவில்லை. பிறகு ஞானஸ்நானம் பெற்றான், வேதம் படித்தான், முழங்கால் தேய ஜெபித்தான். அந்த வார்த்தை தொண்டையில் அப்படியே நின்றது. பாவம், பிள்ளை யாரிடம் போய்ச் சொல்வான்?

தாடை விவகாரத்துக்குப் பிறகு டார்ப்பேயையும் டோல்மனையும் அக்ராவுக்கு மேற்கே இருந்த லைபீரிய அகதி முகாமுக்கு மாற்றினார்கள். சொந்த சனத்துக்கு நடுவில் இருந்தால் பையன் கொஞ்சம் அடங்குவான் என்று மிஷன் தலைவர் நினைத்திருப்பார். அடங்குகிற இடமா அது! குழாயடியில் பெண்கள் வாளியால் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். சந்தையில் ஒருத்தி ஒருவனைப் பார்த்து, என் தம்பியை வெட்டினவன் இவன்தான் என்று அலறுவாள். அவன் ஓடுவான், கல் பறக்கும். கொன்றவனும் பறிகொடுத்தவனும் ஒரே வரிசையில் அரிசிக்கு நிற்கிற இடம். கல்யாணப்பொண்ணு இருக்கிறானா என்று டார்ப்பே நாற்பது வயது ஆண்களின் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தான்.

முகாமில் அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போன ஆள் ஒருவர் உண்டு. மோசஸ் கெர்க்குலா. சிமென்ட் கல் அறுத்து வயிறு வளர்க்கிறவர். ஒண்டிக்கட்டை. சபைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியும் ஞானஸ்நானம் ஆகவில்லை. காரணம் எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். சண்டையில் துப்பாக்கி தூக்கியவர். உயிரை எடுத்தவனை எங்கள் சபை எடுத்த எடுப்பில் தண்ணீரில் இறக்கிவிடாது. மிஷன் தலைவர் தனியாக உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்பார். கடிதம் கடல் தாண்டிப் போகும். மேலே இருக்கிறவர்கள் சரி என்று எழுத வேண்டும். அவர் சொன்னது வேறு யார் காதுக்கும் வராது. கெர்க்குலா பதினான்கு மாதம் காத்திருந்தார். காத்திருந்த காலத்தில் தானே கல் அறுத்து, தானே பூசி, சபைக்கு ஞானஸ்நானத் தொட்டி ஒன்று கட்டிக் கொடுத்தார். மூப்பர்கள் துணி துவைக்கிற நாளில் மரவள்ளி இலைக் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டு, சாப்பிட்டு முடிக்கும்வரை போக மாட்டார்.

"தம்பிக்குக் காரம் போதுமா? வெள்ளைக்காரத் தம்பிக்குத்தான் கண்ணுல தண்ணி வருது, உனக்கு வரலியே!"

"எனக்கு எதுக்கும் வராதுண்ணே," என்பான் டார்ப்பே.

சரி என்று கடிதம் வந்தது. ஞானஸ்நானம் யார் கையால், நீங்களே சொல்லுங்கள் என்று முகாம் சபையின் கிளைத் தலைவர் வெசே கேட்டார். கெர்க்குலா யோசிக்கவே இல்லை. "நம்ம ஊர்ப் பிள்ளை கையால."

சனிக்கிழமை பிற்பகல் கெர்க்குலாவும் இரண்டு மூப்பர்களும் வாளி வாளியாகத் தொட்டிக்குத் தண்ணீர் சுமந்தார்கள். பாதி நிரம்பியபோது கெர்க்குலா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மூப்பரே, வெள்ளை உடுப்புதான் போடணுமா? வேற நிறம் ஆகாதா?"

"வெள்ளைதாண்ணே. ஏன்?"

"ஒண்ணுமில்ல." அவர் வாளியைக் கீழே வைத்தார். "நாளைக்கு என் கையப் புடிக்கப் போறவன் நீ. உனக்குத் தெரியாம இருக்கக் கூடாது. முன்னாடி நான் ஒரு வெள்ளை உடுப்புப் போட்டிருந்தேன். கல்யாண கவுனு. பாலத்துக்கிட்ட செக்போஸ்ட்டு என்னோடது. கல்யாணப்பொண்ணுன்னு கூப்பிடுவானுங்க. அதுலேர்ந்து வெள்ளைத் துணியப் பாத்தாலே எனக்குக் கை நடுங்கும்யா."

டோல்மன் ஜெபம் செய்கிறவன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டான். டார்ப்பே தன் வாளித் தண்ணீரைச் சிந்தாமல் தொட்டிக்குள் ஊற்றினான். சுவருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான்.

"என்னய்யா ஆச்சு?" டோல்மன் கூடவே ஓடிவந்தான்.

"வயித்து வலி."

"முடியலன்னா சொல்லு, நாளைக்கு நான் எறங்குறேன்."

"வேண்டாம். நானே எறங்குறேன்."

என்னால் முடியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. பன்னிரண்டு வருடமாகத் தேடியவனைக் இடுப்பளவு தண்ணீரில் தன் கையில் கொண்டுவந்து கொடுக்கப் போகிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது.

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். பெண்கள் பாட்டெடுத்தார்கள். கெர்க்குலா வெள்ளை உடுப்பில் படியிறங்கி வந்தார். அந்த வெள்ளையைப் பார்த்ததும் டார்ப்பேக்கு அவர் முகம் மறைந்துவிட்டது. கவுன்தான் தெரிந்தது.

எங்கள் முறையில் தண்ணீர் தெளிப்பதெல்லாம் கிடையாது. ஆள் முழுசாக முங்க வேண்டும். தலைமயிரோ கால் விரலோ வெளியே தெரிந்தால் செல்லாது. ஜெபத்தில் ஒரு சொல் பிசகினாலும் செல்லாது. பார்த்துச் சொல்ல இரண்டு சாட்சிகள் நிற்பார்கள். ஒரு பக்கம் வெசே, சட்டத்துக்கு ஒரு நூல் தவறாத மனிதர். மறு பக்கம் டோல்மன்.

முதல் தடவை டார்ப்பே அவரை மல்லாக்கச் சாய்த்தபோது வலது கால் மிதந்து மேலே வந்தது. கட்டைவிரல் தெரிந்தது.

"கால் வந்திடுச்சு. மறுபடி," என்றார் வெசே.

இரண்டாம் தடவை டார்ப்பேயின் நாக்கு குழறியது. கெர்க்குலாவின் முழுப் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் வாய் மறுத்தது.

"பேரு தப்பு. மறுபடி."

மூன்றாம் தடவை ஜெபத்தைச் சொல் பிசகாமல் சொன்னான். ஆமென் என்றான். சாய்த்தான். அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் நேரம் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஐந்தில் பாட்டு நின்றது. தண்ணீருக்கடியில் கெர்க்குலாவின் உடம்பு துள்ளியது. கல் அறுத்துக் காய்த்துப்போன அந்தக் கை டார்ப்பேயின் முழங்கையை இறுகப் பற்றியது. டார்ப்பே நெஞ்சின் மேல் முழங்காலை ஏற்றினான். பற்றிய கை, நகம் பதிந்து ரத்தம் வரப் பற்றிய கை, தானாகவே விட்டுவிட்டது. வலுவில்லாமல் விட்ட கை அல்ல. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு விட்ட கை.

டோல்மன் ஞாயிற்றுக்கிழமை ஷூவோடு உள்ளே குதித்தான். டார்ப்பே முழங்கையால் விட்ட ஒரு குத்தில் டோல்மனின் மூக்கு உடைந்து, தண்ணீரெல்லாம் சிவந்தது. ஆனாலும் விடவில்லை, ஐடஹோக்காரன். வெசே பின்னாலிருந்து டார்ப்பேயின் கழுத்தை வளைத்தார். இழுத்துப் பிரித்தபோது கெர்க்குலா தொட்டியின் விளிம்பில் கவிழ்ந்து கிடந்து குடித்த தண்ணீரையெல்லாம் கக்கினார். பெண்கள் கத்தினார்கள். கல் அறுக்கிற ஆட்கள் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள்.

"விடுங்க! என்னை விடுங்கடா! ரப்பர் பூட்ஸ்! அது எங்கப்பாவோட பூட்ஸ்!" டார்ப்பே கத்திய கத்தலில் மண்வெட்டிக்காரர்கள் நின்றுவிட்டார்கள்.

கெர்க்குலா தலையைத் தூக்கினார். டார்ப்பேயின் முகத்தைப் பார்த்தார். "பட்டாளத்துக்காரரு மகன்," என்றார்.

"சொல்லாத! அதைச் சொல்லாத! நான்தான் சொன்னேன், நான் சொல்லித்தான் சுட்ட..." தொண்டையில் பன்னிரண்டு வருடம் நின்றது வெளியே வந்துவிட்டது. அவன் குரல் ஒன்பது வயதுக் குரலாக உடைந்தது. "நான் சொல்லலன்னா விட்டிருப்ப."

"இல்லய்யா." கெர்க்குலா இருமி இருமிப் பேசினார். "உங்கப்பா கைய நான் பாத்தேன். நகக்கண்ணெல்லாம் ரப்பர் பால் காஞ்சு கறுத்துக் கெடந்துச்சு. பட்டாளத்தான் கையில்ல அது, எனக்கு நல்லாத் தெரியும். என் வலது கால்ல ஆணி ஏறிச் சீழ் வச்சிருந்துச்சு. எனக்கு பூட்ஸ் வேணும். உன்னக் கேட்டது சும்மா வெளையாட்டுக்கு. நீ இல்லன்னு சொல்லியிருந்தாலும் சுட்டிருப்பேன். ஒரு ஜோடி பூட்ஸுக்குச் சுட்டேன். மிஷன் தலைவர்கிட்ட மொதல்ல சொன்னது இதத்தான்."

டார்ப்பே தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். மோவாய் வரைக்கும் தண்ணீர். எதற்கும் கண்ணீர் வராத பயல் வாய்விட்டு அழுதான். அடக் கடவுளே, அப்பனைக் கொன்றவன் வாயிலிருந்தா இந்த ஆறுதல் வர வேண்டும்? வேறு யாராலும் அதைச் சொல்லியிருக்க முடியாதுதான்.

வெசே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் வீட்டுக்குப் போங்க. மூப்பர் டார்ப்பே, மிஷன் தலைவருக்கு நான் போன் பண்ணத்தான் போறேன்."

"பண்ணுங்க ஐயா. எங்கம்மாகிட்ட நானும் ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு."

"அப்ப என் ஞானஸ்நானம்?" கெர்க்குலா கேட்டார். "மூணாவது தடவை செல்லுமா?"

வெசே ஒவ்வொரு விரலாக மடக்கினார். "முழுசா முங்கினது வாஸ்தவம். ஜெபமும் சரி..."

"செல்லாது," என்றான் டார்ப்பே. "அது ஞானஸ்நானம் இல்ல."

"அப்ப மறுபடி முக்கு."

"பைத்தியமாய்யா உனக்கு?" வெசே சீறினார். "வெளிய வா. டோல்மன் செய்வாரு."

"யார் கையாலன்னு நான்தான் சொல்லணும்னு சொன்னது நீங்கதானே ஐயா. சொல்லிட்டேன்." கெர்க்குலா மறுபடி படியிறங்கி வந்து நடுத்தொட்டியில் நின்று கையை நீட்டினார். 

வெசே டோல்மனைப் பார்த்தார். டோல்மன் மூக்கைத் துணியால் அமுக்கியபடி தண்ணீரைவிட்டு ஏறாமல் டார்ப்பேக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டான். "நான் பக்கத்துலயே இருக்கேன்யா," என்றான், டார்ப்பேயிடமா கெர்க்குலாவிடமா என்று தெரியவில்லை.

நான்காம் தடவை. டார்ப்பே முழுப் பெயரைச் சொன்னான். மோசஸ் கெர்க்குலா. சாய்த்தான், உடனே தூக்கினான். சாய்த்தபோது வலது கால் மிதந்து வெளியே வந்தது. குதிகாலில் ஆணி ஏறிய பழைய தழும்பு தெரிந்தது. எல்லோரும் பார்த்தார்கள். வெசே பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். டோல்மன் எங்கோ பார்த்தான். மறுபடி என்று சொல்லி இன்னொரு தடவை அந்த மனிதரை அந்தக் கையில் கொடுக்க இருவருக்கும் வாய் வரவில்லை.

கெர்க்குலா முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டுக்கொண்டார். "கால் வந்திடுச்சு தம்பி. எனக்கே தெரிஞ்சுது. இன்னொரு தடவை முக்கு."

டார்ப்பே அவர் மணிக்கட்டைப் பிடித்தான். தண்ணீருக்கடியில் தன் வெறுங்காலை எடுத்து அந்த வலது காலின் மேல் வைத்து, மேலே வராதபடி மிதித்துக்கொண்டான். ஜெபத்தைச் சொன்னான். மெல்லச் சாய்த்தான். தண்ணீர் அவர் முகத்தின் மேல் கூடி மூடியது. அவர் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். டார்ப்பே அவரைத் தூக்கினான்.

"சரி," என்றார் வெசே.

"சரி," என்றான் டோல்மன்.